தோற்ற ஆட்டத்துக்குள் மறுபடியும் நுழைய ஒரு பொத்தான்: லிசெஸ் தளத்தின் பிழை பார்க்கும் வசதி

சதுரங்கத்தில் தோற்றவுடன் நான் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது, மறு ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்துவது ஒன்றைத்தான். இரவு 10 மணிக்கு மேல் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, 15 நிமிட ஆட்டம் ஒன்று ஆடலாம் என்று உட்கார்ந்து, அதில் தோற்று, அந்தத் தோல்வியோடு தூங்கப் பிடிக்காமல் இன்னொன்று ஆடி, அதிலும் தோற்று, மூன்றாவதில் எதிராளியின் இணைய இணைப்பு அறுந்துபோனதால் வென்று, அந்த வெற்றியைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொண்டு படுக்கப் போன இரவுகளுக்குக் கணக்கில்லை. ஆட்டத் திறனை அளக்கும் தரப்புள்ளி 1,600ஐச் சுற்றியே மூன்றாண்டுகள் செக்கு மாடாகச் சுழன்றுகொண்டிருந்ததில் வியப்பும் இல்லை.

அந்தப் பழக்கத்தை மாற்றியது லிசெஸ் என்னும் இணையச் சதுரங்கத் தளத்தில் உள்ள ஒரு சிறு வசதி. ஆட்டம் முடிந்தபின் கணினிப் பகுப்பாய்வு கேட்டுப் பெற்றால், ‘லேர்ன் ஃப்ரம் யுவர் மிஸ்டேக்ஸ்’ என்ற பொத்தான் ஒன்று கண்ணில் படும். உன் பிழைகளிலிருந்து கற்றுக்கொள் என்பது அதன் பொருள். பெயரைப் பார்த்துப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்த வாசகம் என்று எண்ணி நெடுநாள் அதைத் தொடாமலே இருந்தேன். ஏறக்குறைய ஓராண்டாகத் தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் அதன் வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரியவந்த நிறைகுறைகளைப் பதிவு செய்வதே இந்த மதிப்புரை.

தளத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிரெஞ்சு நிரலாளர் திபோ துப்ளெசி 2010இல் தொடங்கிய தளம் இது. இன்று பிரான்சில் பதிவு பெற்ற, இலாப நோக்கற்ற சங்கமாக இயங்குகிறது. விளம்பரமும் கட்டணமும் கிடையாது. நன்கொடை தருவோருக்குப் பெயருக்கு அருகில் ஒரு சிறகுச் சின்னம் கிடைக்குமே தவிர, தராதவருக்கு இல்லாத வசதி ஒன்றும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. நிரல் முழுவதும் எவரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. பகுப்பாய்வைச் செய்வது ஸ்டாக்ஃபிஷ் என்னும் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டு மதிப்பிடும் நிரல். அதுவும் திறந்த நிரல்தான். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை இதற்கென இரவல் தருவதால்தான் நம்மைப் போன்றவர்கள் இரவில் கேட்கும் பகுப்பாய்வு சில நொடிகளிலேயே வந்து சேர்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மின்கட்டணத்தில் என் அசட்டுத்தனம் அளக்கப்படுகிறது என்ற நினைப்பு ஆரம்பத்தில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

பொத்தானை அழுத்தியதும், நாம் முதன்முதலில் சறுக்கிய நகர்வுக்கு முந்தைய நிலை பலகையில் வந்து நிற்கும். நாம் ஆடிய நகர்வு மங்கிய சிவப்பு அம்புக்குறியாகத் தெரியும். இன்ன நகர்வு ஆடப்பட்டது, இதைவிடச் சிறந்ததைக் கண்டுபிடி என்று ஒரு வரி இருக்கும். எஞ்சினின் கணக்கும் அது பரிந்துரைக்கும் வரிசையும் அந்த நேரத்தில் மறைக்கப்பட்டிருக்கும். காயை நாம்தான் நகர்த்திப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பாராட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு அழைத்துச் செல்லும். தவறினால், இன்னும் நன்றாக ஆட முடியும், வேறொன்று முயன்று பார் என்று சொல்லும். முடியவே இல்லையென்றால் விடையைக் காட்டச் சொல்லலாம், அல்லது தாண்டிப் போகலாம். இவ்வளவுதான் அதன் அமைப்பு.

விடையை முதலில் காட்டாமல் இருப்பதில்தான் இதன் சிறப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சாதாரணப் பகுப்பாய்வுத் திரையில் நகர்வுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், பிழையென்று கேள்விக்குறி விழுந்த இடத்தில் சரியான விடையும் பக்கத்திலேயே அச்சிட்டதுபோல் இருக்கும். நாமும் தலையை ஆட்டி, ‘ஆமாம், இது எனக்குத் தெரிந்ததுதான், அவசரத்தில் விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். வழிகாட்டி நூலைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடும் மாணவனுக்கு எல்லாக் கணக்கும் எளிதாகத் தோன்றுவது போன்றதுதான் இது. அதே நிலையில் விடை மறைக்கப்பட்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தால், எனக்குத் தெரிந்தது என்று நான் நினைத்தவற்றில் பாதி தெரியாதவை என்பது புலப்படும்.

ஓர் ஆட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். கறுப்புக் காய்களோடு ஆடினேன். 19ஆவது நகர்வில் கவனக்குறைவாக ஒரு சிப்பாயைப் பறிகொடுத்தேன். அதன்பின் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, யானைகளும் போய், கடைசியில் பலகையில் மூன்றே காய்கள் எஞ்சின. (பலகையின் நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரையும் குறுக்கு வரிசைகளை 1 முதல் 8 வரையும் குறித்துக் கட்டங்களுக்குப் பெயரிடுவது வழக்கம்.) வெள்ளை ராஜா டி5 கட்டத்தில் இருந்தது. வெள்ளைச் சிப்பாய் அப்போதுதான் இ6க்கு முன்னேறியிருந்தது. என் ராஜா இ7இல் நின்றது. ஆட வேண்டியது நான். கடிகாரத்தில் 14 நொடி. டி8க்குப் பின்வாங்கினேன். வெள்ளை ராஜா டி6க்கு வந்தது; நான் இ8; சிப்பாய் இ7; என் ராஜா எஃப்7க்கு விலக வேண்டியதாயிற்று; வெள்ளை ராஜா டி7க்கு வந்து நின்றதும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன்.

அன்றிரவு என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் அந்த 19ஆவது நகர்வுதான். அங்கே சிப்பாயை இழந்தேன், அங்கேயே தோற்றேன், மற்றதெல்லாம் சாவுச் சடங்கு என்பது என் தீர்ப்பு. பொத்தானை அழுத்திப் பார்த்தபோது 19ஆவது நகர்வு குறிக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் சிறு பிசகு என்ற அளவில் மட்டுமே. அதன்பின் நெடுநேரம் ஆட்டம் சமநிலைக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. பெரும் பிழைக்கான இரட்டைக் கேள்விக்குறி விழுந்த இடம் டி8தான். அந்த நொடி வரையில் ஆட்டம் டிரா.

அந்த நிலைக்கு அழைத்துச் சென்று, வேறொன்றைத் தேடு என்றது. முதலில் எஃப்8 ஆடிப் பார்த்தேன், ஏற்கவில்லை. அப்போதுதான் எனக்கு இருந்த வழிகளையே எண்ணிப் பார்த்தேன். டி6ஐ வெள்ளை ராஜா காக்கிறது. டி7, எஃப்7 இரண்டையும் சிப்பாய் காக்கிறது. சிப்பாயை வெட்ட முடியாது, அதற்கு ராஜாவின் துணை இருக்கிறது. ஆக டி8, இ8, எஃப்8, எஃப்6 என்று நான்கே கட்டங்கள். நேர் பின்னால், அதாவது இ8க்குப் போனால், வெள்ளை ராஜா டி6 வரும்போது நான் டி8இல் போய் அதன் எதிரே நிற்கலாம்; சிப்பாய் இ7க்கு வந்து செக் கொடுத்தால் மறுபடி இ8; அதன்பின் வெள்ளை ராஜா சிப்பாயைக் காக்க இ6க்கு வந்தால் எனக்கு நகரக் கட்டமே இல்லை, ஆட்டம் ஸ்டேல்மேட், அதாவது டிரா. இ8ஐ வைத்தேன், ஏற்றுக்கொண்டது. ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலைகளுக்கு முற்றிலும் கணக்கிடப்பட்ட இறுதியாட்ட அட்டவணையும் அதே தளத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் அந்த நான்கு நகர்வுகளும் வரிசையாக வரும். மூன்றுக்கு நேரே தோல்வி, ஒன்றுக்கு டிரா.

இதில் எனக்கு உறைத்தது விடை அன்று. ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அதை நம்பித்தான், வெள்ளை ராஜா டி வரிசையில் இருப்பதால் நானும் டி வரிசைக்குப் போனேன். யார் கடைசியில் வந்து எதிரே நிற்கிறாரோ அவருக்கே அந்த நிற்றல் பலன் தரும் என்ற விதியின் மறுபாதியை மறந்திருந்தேன். நான் முதலில் போய் நின்றேன். எதிராளி பின்னால் வந்து எதிரே நின்றார். அரைகுறையாகத் தெரிந்த விதி தெரியாத விதியைவிட ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு வகுப்பில் யாரும் எனக்குக் காட்டியதில்லை. எழுத்தில் எளிதாகச் சொல்லிவிட்டேன். அன்று அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பிழைகளை இந்தத் தளம் எப்படி எடை போடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவே இந்த வசதியின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் காரணம். இழந்த சிப்பாய்களை நேரடியாக எண்ணாமல், வெல்லும் வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்றே அது பார்க்கிறது. சமநிலையில் ஒரு சிப்பாயின் மதிப்பை இழந்தால் அந்தக் கணக்குப்படி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 41க்கு இறங்கும். ஒரு ராணியின் மதிப்புக்கு முன்னிலையில் இருக்கும்போது அதே சிப்பாயை இழந்தால் 96லிருந்து 95க்கு அருகில் இறங்கும், அவ்வளவுதான். முதலாவதைக் குறிக்கும், இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. இது நியாயமான அளவுகோல். வென்றுகொண்டிருப்பவன் சற்றுச் சுற்றி வளைத்து வென்றால் அதற்காக அவனைக் குட்டத் தேவையில்லை.

ஆனால் இதே அளவுகோல் தோற்றுக்கொண்டிருப்பவனிடமும் பொருந்தும் என்பதைத் தொடக்கத்தில் நான் கவனிக்கவில்லை. ஒரு யானையை இழந்துவிட்ட பிறகு நான் எவ்வளவு மோசமாக ஆடினாலும், சரிவதற்கு வாய்ப்பே மிச்சமில்லாததால், பெரும்பாலும் குறிப்பு விழாது. அந்த நேரத்தில் எதிராளிக்குத் தொல்லை கொடுத்து ஆட்டத்தை நீட்டிப்பது எப்படி, எந்தக் காய்களை வெட்டக் கூடாது, எங்கே பொறி வைக்கலாம் என்பதெல்லாம் தனிக் கலை. நம் தரத்தில் பாதி ஆட்டங்கள் அந்தக் கலையால்தான் தப்பிப் பிழைக்கின்றன. அதை இந்தப் பொத்தான் கற்பிக்காது. விழுந்த பிறகு எழுந்திருக்கும் வழி வேண்டுமென்றால் வேறிடம்தான் போக வேண்டும்.

நான் எதிர்பாராத பயன் ஒன்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. எதிராளியின் பிழையை நாம் பயன்படுத்தாமல் விட்டால், அதையும் இந்த வசதி நம் பிழையாகவே எழுதிக்கொள்கிறது. தோற்ற ஆட்டங்களில் நான் ஆடிய மோசமான நகர்வுகள் நினைவில் நிற்கும். காலடியில் கிடந்ததை எடுக்காமல் போனது நினைவிலேயே இருக்காது, ஏனென்றால் அது நடந்தது என்றே தெரியாது.

ஒரு வெள்ளை ஆட்டத்தில் என் சிப்பாய் இ4, எதிராளி இ5. நான் குதிரை எஃப்3, அவர் சிப்பாய் டி6. நான் மந்திரி சி4, அவர் மந்திரி ஜி4. நான் குதிரை சி3, அவர் சிப்பாய் ஜி6. ஐந்தாவது நகர்வில் நான் நல்ல பிள்ளையாக ராஜாவுக்குக் கோட்டை கட்டினேன். 30 நகர்வுகளுக்குப் பிறகு, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு காரணத்தால் தோற்றேன். பொத்தானை அழுத்தியதும் நேரே ஐந்தாவது நகர்வுக்கே இழுத்துச் சென்றது. அங்கே என்ன பிழை? நல்ல நகர்வுதானே என்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது: என் குதிரை எஃப்3இல் ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்பதுபோலத் தோன்றினாலும், அது இ5இல் உள்ள சிப்பாயை வெட்டலாம். எதிராளி சிப்பாயால் குதிரையைப் பதிலுக்கு வெட்டினால், என் ராணி ஜி4இல் உள்ள மந்திரியை எடுத்துக்கொள்ளும். கணக்கில் ஒரு சிப்பாய் இலாபம். ஆசைப்பட்டு என் ராணியை அவர் வெட்டினால், மந்திரி எஃப்7இல் செக், ராஜா இ7, குதிரை டி5, செக்மேட். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் பழைய பொறி இது. சதுரங்க வகுப்புக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரியும். படத்தில் பார்த்தால் உடனே சொல்லியிருப்பேன். என் பலகையில் வந்து நின்றபோது பார்க்கவில்லை.

நமக்கு மட்டும் நடப்பதன்று இது என்று ஆறுதல் கொள்ள ஓர் ஆட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு சோச்சியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கார்ல்சன் 26ஆவது நகர்வில் ராஜாவை டி2க்கு நகர்த்தினார். ஆனந்த் குதிரையால் இ5இல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் நிலைமையே தலைகீழாகியிருக்கும். அவர் ஏ4 ஆடினார். ஆட்டமும் கார்ல்சனுக்குப் போயிற்று. எதிராளி கார்ல்சன் என்கிறபோது, அவர் பிழை செய்வார் என்று எதிர்பார்த்துத் தேடும் மனநிலையே வராது. நமக்கோ எதிராளி எவராக இருந்தாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனந்தின் அந்த ஆட்டத்தை இந்த வசதிக்குள் போட்டால், டி2க்காகக் கார்ல்சனையும் ஏ4க்காக ஆனந்தையும் தனித்தனியாக அழைத்து நிறுத்திக் கேள்வி கேட்கும். நம் ஆட்டத்திலும் நம் பக்கத்துப் பிழைகள் முடிந்தபின் எதிராளியின் பிழைகளையும் தீர்த்துப் பார்க்க வாய்ப்புத் தருகிறது. அதைத் தவறாமல் செய்யும்படி பரிந்துரைப்பேன்.

எஞ்சின் சொன்னதையே ஆட வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதது இன்னொரு நல்ல அம்சம். அதன் முதல் தேர்வு அல்லாத வேறொரு நல்ல நகர்வை நாம் ஆடினால், அந்த இடத்திலேயே நம் உலாவிக்குள் ஸ்டாக்ஃபிஷ் இயங்கி அதை மதிப்பிட்டு, ஏறக்குறைய இணையானது என்றால் ஏற்றுக்கொள்கிறது. தொடக்க ஆட்டத்தில் இன்னொரு நாகரிகமும் உண்டு: எஞ்சினுக்குப் பிடிக்காவிட்டாலும், வலுவான ஆட்டக்காரர்கள் போட்டிகளில் வழக்கமாக ஆடும் நகர்வு என்று தரவுத்தளத்தில் இருந்தால், அதைப் பிழையென்று நம்மிடம் கேட்பதில்லை. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைத் தெரிந்தே பலிகொடுக்கும் கேம்பிட் ஆடுகிறவர்கள் இதற்காகவே நன்றி சொல்லலாம்.

இனிக் குறைகள். பெருங்குறை, அது காரணம் சொல்வதில்லை. இ8 சரி, டி8 தவறு என்பது வரைதான் அதன் பேச்சு. ஏன் தவறு என்பதைப் பலகையில் காய்களை நகர்த்தி நாமே கண்டறிய வேண்டும். நான் ஏன் அதைச் செய்தேன் என்பதை அது கேட்பதே இல்லை. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் விலை அதிகம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2க்குக் கொண்டுபோனார். குகேஷ் யானையை யானையால் வெட்டி, அடுத்து மந்திரியை டி5இல் வைத்ததும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு, வெறும் சிப்பாய்களும் ராஜாக்களும் மிஞ்சிய, கறுப்பு வெல்லும் இறுதியாட்டமாகிவிட்டது. 58ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியனானார். அந்த எஃப்2க்கு எஞ்சின் போடுவது இரண்டு கேள்விக்குறிகள். எதிராளியின் முகத்தைப் பார்த்த பிறகே தன் பிழையை உணர்ந்ததாக டிங் பின்னர் சொன்னார். நெடுநேர ஆட்டத்தின் களைப்பு, டிரா நெருங்கிவிட்டது என்ற தளர்வு, மந்திரி ஒரு மூலையில் அகப்பட்டிருப்பதைக் கண் கவனிக்காதது என்று நாம் எதை வேண்டுமானாலும் ஊகிக்கலாம். அந்த இரண்டு கேள்விக்குறிகளுக்குள் இவற்றில் எதுவும் இல்லை.

ஆகவே இந்தக் குறையை ஒரு நோட்டுப் புத்தகத்தால் ஈடுகட்டிக்கொள்கிறேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, எந்த இடத்தில் தோற்றேன் என்று நான் நினைக்கிறேனோ அந்த நகர்வின் எண்ணையும், அப்போது என்ன நினைத்து ஆடினேன் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். பிறகுதான் எஞ்சினைக் கேட்பது. வரிசை மாறினால் பயனில்லை. விடையைப் பார்த்த பிறகு எழுதப்படும் காரணம் எப்போதும் நம்மைக் காப்பாற்றும் விதமாகவே அமைந்துவிடும். 1948இல் உலகப் பட்டம் வென்ற சோவியத் ஆட்டக்காரர் மிகயீல் போட்வினிக், தன் ஆட்டங்களைத் தானே பகுத்து எழுதிப் பிறர் பார்வைக்கு வெளியிடுவதைப் பயிற்சியின் இன்றியமையாத பகுதியாக வலியுறுத்தியவர். தவறாக எழுதினால் நாலு பேர் சுட்டிக்காட்டுவார்கள் என்ற அச்சமே அந்தப் பயிற்சியின் உயிர். எனக்கு அந்த நாலு பேருக்குப் பதிலாக ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறது. அது கேலி செய்யாது என்பதால் அச்சம் சற்றுக் குறைவு. பொய் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதில் வேறுபாடில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்தால், நான் தோற்றதாக நினைத்த நகர்வும் எஞ்சின் காட்டிய நகர்வும் ஒன்றாக இருந்த ஆட்டங்கள் பாதிகூட இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் காய் வெட்டுப்பட்ட இடம். உண்மையான இடம் அதற்கு இரண்டு மூன்று நகர்வு முன்னாலோ, எல்லாம் முடிந்துவிட்டது என்று மனம் விட்டுப்போன பின்னாலோ இருந்தது. நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் பகுப்பாய்வுத் திரை தனி வரைபடமாகக் காட்டுகிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்ததில், என் பெரும் பிழைகளில் பல நேர நெருக்கடியில் நடந்தவை அல்ல என்று தெரிந்தது. கையில் ஏழெட்டு நிமிடம் இருக்கும்போதே மூன்று நொடியில் ஆடியவை அவை. இந்தப் பொருத்தத்தைப் பிழை பார்க்கும் வசதியே தானாகச் செய்து காட்டலாம். இப்போதைக்கு நாமே இரண்டு இடங்களில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேறு இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருமுறை தீர்த்த நிலை பத்து நாள் கழித்து மறுபடி தானாக வந்து நிற்பதில்லை. நாமே பழைய ஆட்டத்தைத் தேடிப் போய்த் திறக்க வேண்டும். அதனால் அன்று புரிந்தது அன்றோடு போய்விடும் ஆபத்து உண்டு. மற்றது, சில இடங்களில் கேட்கப்படும் நகர்வு மனிதர் கண்டுபிடிக்கக் கூடியதே இல்லை. எந்தத் தாக்குதலும் இல்லாத அமைதியான நிலையில், ஓர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதுதான் விடை என்றால், அது ஏன் என்பது பன்னிரண்டு நகர்வு ஆழத்தில் எங்கோ புதைந்திருக்கும். அவற்றைக் கூச்சமின்றித் தாண்டிப் போவதே சரி. தொடக்கத்தில் எல்லாவற்றையும் தீர்த்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்து, தலைவலி வந்ததுதான் மிச்சம்.

சொற்களால் விளக்கம் தரும் கட்டண வசதி ஒன்றையும் வேறோர் இடத்தில் இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வாக்கியங்கள் வந்தன. பாராட்டு தாராளமாக இருந்ததால், தோற்ற ஆட்டத்தையும் மகிழ்ச்சியோடு மூடி வைக்க முடிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த மகிழ்ச்சி அன்று. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் என்ன நினைத்தாய்’ என்று கேட்பதற்கு இவை எவையும் ஈடாகா. போட்டிக் கூடங்களில் ஆட்டம் முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் அதே மேசையில் காய்களைத் திரும்ப அடுக்கி வைத்துச் செய்யும் போஸ்ட்மார்ட்டத்துக்கும் ஈடில்லை. அதற்கு வாய்ப்பிருப்பவர் அதை விட வேண்டாம். நேரில் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் கையில் இருந்தால், நகர்வுகளைத் தளத்தில் பதிவேற்றி அதற்கும் இதே பொத்தானைப் பயன்படுத்தலாம்.

பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்ட நண்பருக்கு, வாங்க வேண்டியதே இல்லை, இலவசம் என்று சொல்லிவிட்டு ஒரு வேண்டுகோளும் வைத்தேன். பகுப்பாய்வின் மேல்பகுதியில் துல்லியம் இத்தனை சதவீதம் என்று ஓர் எண் வருகிறது. தேர்வு மதிப்பெண்ணைப் போல அதைப் பார்த்து, ‘போன வாரம் 84, இந்த வாரம் ஏன் 71’ என்று கேட்கும் பெற்றோர் இருக்கும் வீட்டில் இந்த வசதி இல்லாமலிருப்பதே நல்லது. எளிய ஆட்டத்தில் எவருக்கும் துல்லியம் கூடும். சிக்கலான ஆட்டத்தில் குறையும். அந்த எண் குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிட ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதே அதிகம். மிக வேகமான, மூன்று நிமிட ஆட்டங்களுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். யோசிக்காமல் ஆடியதில், யோசனை எங்கே தவறியது என்று தேடுவதில் பொருளில்லை. காய்களின் நகர்வை அப்போதுதான் கற்றுக்கொண்டவருக்கும் இது அதிகப்படி. ஓர் ஆட்டத்துக்கு இருபது இடங்களில் நிறுத்திக் கேட்டால் அவர் பலகையையே மூடிவிடுவார். குறைந்தது ஓராண்டு ஆடி, ஓர் ஆட்டத்தில் நாலைந்து பெரும் பிழைகள் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கே இது கச்சிதமாகப் பொருந்தும்.

என் தரப்புள்ளி இந்த ஓராண்டில் 1,600லிருந்து 1,690 வரை ஏறி, இப்போது 1,660இல் நிற்கிறது. சிறகுச் சின்னத்துக்கான நன்கொடையை மூன்று மாதமாகத் தருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தோற்ற ஆட்டத்தில் மூன்று இடங்களைக் காட்டியது. முதலிரண்டையும் தீர்த்தேன். மூன்றாவதில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு விடையைக் காட்டச் சொன்னேன். ராணியை ஏ1க்குக் கொண்டுபோகச் சொல்கிறது. ஏன் என்று இன்னும் புரியவில்லை; நோட்டில் அந்த வரிக்கு நேரே காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.